ஊவாவின் திசாவை: மொனரவில கெப்பெட்டிபொல

கெப்பெட்டிபொல என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது மரக்கறிச் சந்தைதான். வெலிமடைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கோவா, கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு மூடைகளை ஏற்றிக்கொண்டு லொறிகள் வந்து நிற்கும் இடம் அது. அன்றாடம் அந்தப் பெயரைச் சொல்கிறோம். பஸ்ஸின் முன்பலகையில் வாசிக்கிறோம். ஆனால் அந்தப் பெயரைத் தாங்கிய மனிதர் யார், இந்த ஊவா மண்ணில் அவர் என்ன செய்தார், அவர் கதையில் நமது முஸ்லிம் சமூகத்துக்கு என்ன தொடர்பு என்று கேட்டால், பாடப்புத்தகத்தின் நான்கு வரிகளுக்கு மேல் சொல்லத் தெரியாமல் நின்றுவிடுகிறோம். அந்த நான்கு வரிகளுக்கு அப்பாலும் அறிந்துகொள்ள நிறைய உண்டு.

குடும்பமும் பதவியும்

மொனரவில கெப்பெட்டிபொல, மாத்தளைப் பகுதியில் செல்வாக்குடன் விளங்கிய பிரதானிகளின் குடும்பத்தில் பிறந்தவர். அக்காலக் கண்டி இராச்சியத்தில் ஒரு மாகாணத்தை அரசனின் சார்பில் ஆள்பவரைத் திசாவை என்று அழைத்தார்கள். வரி திரட்டுவது, வழக்குத் தீர்ப்பது, போர் வந்தால் தன் மாகாணத்து ஆட்களைத் திரட்டிச் செல்வது எல்லாம் திசாவையின் பொறுப்பு. கெப்பெட்டிபொல, கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் காலத்தில் உயர்ந்து ஊவாவின் திசாவை ஆனார்.

அந்த மன்னன் தமிழ் பேசும் நாயக்கர் வம்சத்தவன். கண்ணுசாமி என்பது அவன் இயற்பெயர். ஆட்சியின் பிற்பகுதியில் அவனுக்கும் பிரதானிகளுக்கும் இடையே பகை முற்றியது. முதல் அமைச்சராக இருந்த எகெலபொல 1814இல் மன்னனை எதிர்த்துக் கிளர்ந்து, பின் பிரித்தானியரிடம் தஞ்சம் புகுந்தார். கைக்கு எட்டாமல் போன எகெலபொலவுக்குரிய தண்டனையை மன்னன் அவருடைய மனைவி மக்களுக்குக் கொடுத்தான். பிள்ளைகள் கொல்லப்பட்டார்கள். தாய் குமாரிஹாமி கண்டியிலிருந்த போகம்பரைக் குளத்தில் மூழ்கடிக்கப்பட்டாள். அந்தக் குமாரிஹாமி, கெப்பெட்டிபொலவின் உடன்பிறந்த சகோதரி. இந்த ஒரு செய்தியை மனதில் வைத்துக்கொண்டு அவருடைய மீதிக் கதையைப் படிக்க வேண்டும்.

1815ஆம் ஆண்டின் கையொப்பம்

1815 பெப்ரவரி 18ஆம் திகதி மன்னன் பிடிபட்டான். பின்னர் வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தான். மார்ச் 2ஆம் திகதி கண்டியில் ஓர் உடன்படிக்கை செய்யப்பட்டது. பிரித்தானியத் தேசாதிபதி சேர் ரொபர்ட் பிரவுண்ரிக் ஒருபுறமும் கண்டிப் பிரதானிகள் மறுபுறமுமாக அதில் ஒப்பமிட்டார்கள். ஊவாவின் திசாவை என்ற முறையில் கெப்பெட்டிபொலவும் ஒப்பமிட்டார். சகோதரியையும் அவள் பிள்ளைகளையும் பறிகொடுத்த ஒருவர், அந்தக் கொடுமையைச் செய்த அரசன் வீழ்ந்ததை எப்படிப் பார்த்திருப்பார் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

உடன்படிக்கையில் பௌத்த சமயத்தைப் பாதுகாப்போம், பிரதானிகளின் உரிமைகளையும் நாட்டின் வழமைகளையும் காப்போம் என்ற உறுதிகள் இருந்தன. ஒப்பமிட்டவர்கள் ஓர் அரசனை நீக்கினோம், வழமை அப்படியே தொடரும் என்றே எண்ணினார்கள். அது நடக்கவில்லை. அரசன் இருந்த இடத்தில் இப்போது கடல் கடந்த தேசத்து அதிகாரிகள் இருந்தார்கள். முன்பு மக்கள் எழுந்து நின்று வணங்கிய பிரதானியைச் சாதாரணப் படைச்சிப்பாய் பொருட்படுத்தாமல் கடந்து போனான். தங்களுடையவனாக ஓர் அரசன் வேண்டும் என்ற எண்ணம் மலைநாடெங்கும் மெல்லப் பரவியது.

தவள மாடுகளும் ஒரு புதிய பதவியும்

இங்கேதான் நமது முன்னோர் கதைக்குள் வருகிறார்கள். கண்டி இராச்சியத்தில் வாழ்ந்த முஸ்லிம்களில் பலர் தவளம் ஓட்டியவர்கள். தவளம் என்பது பொதிமாட்டு வரிசை. மலைநாட்டில் உப்பு விளையாது. தெற்கே அம்பாந்தோட்டையிலிருந்தும் கிழக்குக் கரையிலிருந்தும் உப்பும் கருவாடும் மாட்டு முதுகில் ஏறி ஊவா வழியாக மலைக்கு வந்தன. பாக்கு முதலிய பொருட்கள் அதே மாடுகளில் கீழே இறங்கின. இந்தப் போக்குவரத்தைக் கவனிக்க அரசில் ‘மடிகே’ என்று ஒரு பிரிவே இருந்தது. சிங்களக் கிராமத்தவர் நெல் விளைத்தார்கள். முஸ்லிம் தவளக்காரர் உப்புக் கொண்டுவந்தார்கள். ஒருவர் இல்லாமல் மற்றவரின் அடுப்பு எரியாத வாழ்க்கை அது. இன்றைய மொனராகலை மாவட்டத்தின் பழைய பெயர் வெல்லஸ்ஸ. இலட்சம் வயல்கள் என்று அப்பெயருக்குப் பொருள் சொல்வார்கள். பக்கினிகஹவெல, கொட்டபோவ போன்ற அங்குள்ள முஸ்லிம் ஊர்கள் அந்தப் பழைய உறவின் சாட்சிகளாக இன்றும் இருக்கின்றன.

வெல்லஸ்ஸவின் மடிகேப் பிரிவு வழமையாக அப்பகுதித் திசாவையின் அதிகாரத்துக்குள் அடங்கியது. பிரித்தானியர் அதைத் திசாவை மில்லாவவின் கையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். ஹாஜி மரிக்கார் என்ற முஸ்லிமை அதற்கு முகாந்திரமாக நியமித்தார்கள். மரிக்காரின் பக்கம் நின்று பார்த்தால் அது தன் சமூகத்துக்குக் கிடைத்த கௌரவம். தம்மவர் விடயங்களைத் தம்மவரே கவனிக்கும் வாய்ப்பு. திசாவையின் பக்கம் நின்று பார்த்தால் உடன்படிக்கையில் உறுதியளித்த உரிமையைப் பறித்த செயல். இரண்டும் உண்மைதான். நியமனத்தைக் கொடுத்தவர்கள் பதுளைக் கோட்டையில் பாதுகாப்பாக இருந்தார்கள். அதன் விளைவைச் சுமக்க வேண்டியவர்கள் ஒரே வயல்வெளியின் இரு கரைகளில் வாழ்ந்த அயலவர்கள்.

கிளர்ச்சி தொடங்கியது

1817ஆம் ஆண்டு வெல்லஸ்ஸக் காடுகளில் ஒருவர் தோன்றினார். தான் நாயக்கர் அரச குடும்பத்து முத்துசாமியின் மகன் துரைசாமி என்றும், சிம்மாசனத்துக்கு உரியவன் என்றும் சொன்னார். மக்கள் அவரைச் சுற்றிக் கூடினார்கள். செய்தி அறிந்த பதுளை உதவி வதிவிட அதிகாரி சில்வெஸ்டர் டக்ளஸ் வில்சன், விசாரித்து வர ஹாஜி மரிக்காரை ஆட்களுடன் அனுப்பினார். மரிக்கார் கிளர்ச்சிக்காரர் கையில் அகப்பட்டார். உயிருடன் திரும்பவில்லை.

அதன்பின் வில்சன் தானே புறப்பட்டார். அவருடன் சென்ற சிறிய படையில் ஜாவா, மலாய் வீரர்கள் இருந்தார்கள். செப்டெம்பர் நடுப்பகுதியில் வெல்லஸ்ஸவில் வைத்து வில்சன் அம்பு பட்டு இறந்தார். ஊவாவில் வெளிப்படையான போர் அன்று தொடங்கியது.

திருப்பி அனுப்பிய துப்பாக்கிகள்

தேசாதிபதி பிரவுண்ரிக் கண்டிக்கு விரைந்து வந்து அங்கேயே தங்கினார். ஊவா மக்கள் நன்கறிந்த, அவர்கள் மதிக்கும் ஒருவரை அனுப்பினால் கிளர்ச்சி அடங்கும் என்று அரசு கருதியது. அதற்குத் தெரிவு செய்யப்பட்டவர் கெப்பெட்டிபொல. ஆட்களும் ஆயுதங்களும் கொடுத்து அவரை ஊவாவுக்கு அனுப்பினார்கள். அவர் ஒப்பமிட்டவர், பதவியில் இருப்பவர், முன்னைய மன்னனால் பாதிக்கப்பட்ட குடும்பத்தவர். அவரைவிட நம்பிக்கையான ஆள் கிடைப்பது அரிது என்றே அவர்கள் நினைத்திருப்பார்கள்.

1817 நவம்பர் தொடக்கத்தில் கெப்பெட்டிபொல கிளர்ச்சிக்காரருடன் சேர்ந்துகொண்டார். சேரும் முன் தம்மிடம் கொடுக்கப்பட்ட துப்பாக்கிகளையும் வெடிமருந்தையும் பிரித்தானியரிடமே திருப்பி அனுப்பினார். அவர்களுடைய ஆயுதத்தைக் கொண்டே அவர்களுடன் போரிடுவது தமக்குத் தகாது என்று அவர் கருதியதாகச் சொல்லப்படுகிறது. தலைமுறைகள் கடந்தும் மலைநாட்டு மக்கள் நினைவில் வைத்திருக்கும் செயல் இதுதான்.

மாணவிகளே, இதைக் கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். போர் நடக்கும் நேரத்தில் துப்பாக்கி மிக அரிய பொருள். எதிரில் நிற்பதோ உலகின் பெரும் வல்லரசு. அவர் பக்கம் இருந்தவை பெரும்பாலும் வில்லும் அம்பும் வாளும். ஆனால் அந்த ஆயுதங்கள் ஒரு நம்பிக்கையின் பேரில் தரப்பட்டவை. பக்கம் மாறுவது தன் உரிமை என்று கருதியவர், அமானிதமாக வந்த பொருளை வைத்துக்கொள்வது தன் உரிமை என்று கருதவில்லை. தன் சகோதரியைக் கொன்ற அரசனின் உறவினன் என்று சொல்லிக்கொண்டவனுக்காகப் போராட முன்வந்தது அதைவிட வியப்பானது. சொந்தத் துயரத்தை ஒருபுறம் ஒதுக்கிவைத்துவிட்டே அவர் அந்த முடிவுக்கு வந்திருக்க வேண்டும்.

எரிந்த ஊவா

கெப்பெட்டிபொல தலைமையேற்றதும் கிளர்ச்சி ஊவா, வெல்லஸ்ஸ, வலப்பனை, மாத்தளை, தும்பறை என்று பரவியது. வெல்லஸ்ஸவில் கிவுலேகெதர மொஹொட்டால போன்றோர் முன்நின்றார்கள். எல்லாப் பிரதானிகளும் சேரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மொல்லிகொட போன்ற பெரிய தலைவர்கள் இறுதிவரை பிரித்தானியர் பக்கம் நின்றார்கள். 1818இன் தொடக்கத்தில் கெப்பெட்டிபொல முதலானோரைத் துரோகிகளாகப் பிரகடனம் செய்து அவர்களின் சொத்துகளைப் பறிமுதல் செய்யும் அறிவித்தல் வெளிவந்தது. அதே ஆண்டில், அரசுக்கு விசுவாசமாக இருந்த முஸ்லிம்களுக்குக் கைம்மாறாக அவர்களைக் கண்டிப் பிரதானிகளின் அதிகாரத்திலிருந்து விலக்கித் தனித் தலைவர்களின் கீழ் வைக்கும் ஆணையும் வந்தது.

ஊவா பரணகமவில் மேஜர் மக்டொனால்ட் அமைத்திருந்த படைமுகாமைக் கெப்பெட்டிபொலவின் ஆட்கள் பெரும் திரளாக நாட்கணக்கில் முற்றுகையிட்டார்கள். எண்ணிக்கையில் மிகக் குறைந்திருந்தும் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் தாக்குப்பிடித்தார்கள். காடும் மலையும் அறிந்த கிளர்ச்சிக்காரரைக் களத்தில் பிடிக்க முடியாதபோது படையினர் கிராமங்கள்மீது திரும்பினார்கள். வீடுகளை எரித்தார்கள். நெல்லை அழித்தார்கள். மாடுகளைக் கொன்றார்கள். பழமரங்களையும் விட்டுவைக்கவில்லை. வாய்க்காலும் குளமும் கவனிப்பாரற்றுப் போயின. தமிழ்நாட்டுக் கரையிலிருந்தும் மதராஸ் படைகள் உதவிக்கு வரவழைக்கப்பட்டன. இறந்த உள்நாட்டவர் தொகை பத்தாயிரம் என்ற மதிப்பீடு பிரித்தானியர் எழுதிய நூல்களிலேயே காணப்படுகிறது. இவர்களில் பலர் போர்க்களத்தில் விழவில்லை. பசியாலும் நோயாலும் இறந்தார்கள். இலட்சம் வயல்களின் நாடு காடாகிப் போனது.

இன்னொரு அடியும் காத்திருந்தது. துரைசாமி என்று தோன்றியவர் அரச குடும்பத்தவரே அல்ல, வில்பாவ என்ற பெயருடைய முன்னாள் பிக்கு என்பது வெளிப்பட்டது. மடுகல்ல என்ற பிரதானி அவரைப் பிடித்துத் தொழுமரத்தில் பூட்டினார். யாருக்காக இத்தனை பேர் உயிர் கொடுத்தார்களோ அவர் ஒரு வேடதாரி என்றானபின் ஒற்றுமை குலைந்தது. பின்வாங்கிச் சென்ற கெப்பெட்டிபொல நோயுற்றார். 1818 ஒக்டோபர் இறுதியில், அநுராதபுரப் பக்கத்துக் காட்டுப் பிரதேசத்தில் ஒரு வீட்டில் இருந்தபோது பிடிபட்டார். சில நாட்களில் மடுகல்லவும் பிடிபட்டார்.

இறுதி நாள்

இராணுவ நீதிமன்றம் இருவருக்கும் மரணதண்டனை விதித்தது. 1818 நவம்பர் 26 அதிகாலை கெப்பெட்டிபொலவைத் தலதா மாளிகைக்கு அழைத்துச் சென்றார்கள். அவர் தம் சமய முறைப்படி வழிபட்டார். இடுப்பில் கட்டியிருந்த துணியைக் காணிக்கையாகக் கொடுத்தார். அங்கிருந்து போகம்பரைக்கு அழைத்துச் செல்லப்பட்டார். கொலைக்களத்தில் தலைமுடியைத் தாமே உச்சியில் முடிந்துகொண்டு, சிறு சமய நூலொன்றைக் கையில் வைத்து ஓதினார். பின் அந்த நூலை ஒருவரிடம் கொடுத்து, தமக்கு அறிமுகமான சோவர்ஸ் என்ற பிரித்தானிய அதிகாரியிடம் நினைவுப் பொருளாகச் சேர்க்கும்படி சொன்னார். வாள் இருமுறை வீசப்பட்டது. நான்கு ஆண்டுகளுக்கு முன் அவருடைய சகோதரி இறந்ததும் அதே போகம்பரையில்தான். ஒருவரை மன்னன் கொன்றான், மற்றவரை அவனை வென்றவர்கள் கொன்றார்கள்.

இந்த விவரங்களை எழுதிவைத்தவர் ஹென்றி மார்ஷல் என்ற பிரித்தானியப் படை மருத்துவர். கெப்பெட்டிபொலவின் துணிவை மதித்து எழுதிய அதே மனிதர் அவருடைய மண்டையோட்டை எடின்பரோவுக்குக் கொண்டுசென்று, மண்டையோட்டை அளந்து மனிதரின் குணத்தைக் கணிக்கலாம் என்று நம்பிய ஒரு சங்கத்துக்குக் கொடுத்தார். இலங்கை சுதந்திரம் பெற்ற பின்னரே அது தாயகம் திரும்பியது. 1954இல் கண்டியில் தலதா மாளிகை முன்றலில் அமைந்த நினைவுத்தூபியில் வைக்கப்பட்டது. துரோகி என்ற 1818ஆம் ஆண்டின் பிரகடனம் மட்டும் அப்படியே கிடந்தது. அது வர்த்தமானி மூலம் உத்தியோகபூர்வமாக நீக்கப்பட்டது 2016ஆம் ஆண்டில்தான்.

வேறொரு மலைநாட்டில்

ஊவாவில் நடந்தது உலகில் வேறெங்கும் நடக்காத ஒன்றல்ல. குர்திஸ்தானின் மலைகளிலும் இதே காலப்பகுதியில் இதுபோன்ற கதை நிகழ்ந்தது. தலைமுறை தலைமுறையாகத் தம் மலைகளை ஆண்ட குர்திய அமீர்களின் அதிகாரத்தை உஸ்மானியப் பேரரசு பறிக்கத் தொடங்கியபோது, போத்தான் பகுதியின் பெதிர்கான் பேக் எதிர்த்து நின்றார். 1847இல் அவர் தோற்றார். அவருடைய உறவினர் யெஸ்தான்ஷேர் அரசு பக்கம் சேர்ந்தது தோல்விக்கு ஒரு காரணம். அந்த யெஸ்தான்ஷேரே சில ஆண்டுகளில் அதே அரசுக்கு எதிராகக் கிளர்ந்தார். ஆள்பவரும் ஆளப்பட்டவரும் ஒரே மார்க்கத்தினர் என்பதால் அங்கே கிளர்ச்சி எழாமல் இருந்துவிடவில்லை. இங்கும் அங்கும் தொடக்கத்தில் போராடியவர்கள் தம் வழமையையும் அதிகாரத்தையும் காக்கவே எழுந்தார்கள். தேசம் என்ற சொல்லை அந்த நினைவுகளுக்குப் பிற்காலத்தவர் சூட்டினார்கள். பெதிர்கானின் மகன் மிக்தாத் மித்ஹத் 1898இல் கெய்ரோவிலிருந்து முதலாவது குர்தியப் பத்திரிகையை வெளியிட்டார். தந்தை வாளால் முடியாததை மகன் எழுத்தால் தொடர்ந்தார்.

நமக்கு என்ன சொல்கிறது?

கெப்பெட்டிபொலவைக் கொண்டாடும்போது ஹாஜி மரிக்காரை என்ன செய்வது என்ற கேள்வி நம் பிள்ளைகளுக்கு எழும். சிலர் அவரைக் காட்டிக்கொடுத்தவர் என்பார்கள். அந்தப் பேச்சு சிலவேளை ஒரு மனிதரோடு நிற்காமல் ஒரு சமூகத்தின் மீதே விழுவதும் உண்டு. அப்போது வாய்மூடி இருக்கவும் தேவையில்லை, நடந்ததை மறைக்கவும் தேவையில்லை. 1815இல் ஒப்பமிட்ட பிரதானிகள் அத்தனை பேரும், கெப்பெட்டிபொல உட்பட, பிரித்தானியரை நம்பியவர்களே. மரிக்காரும் நம்பினார். கெப்பெட்டிபொலவுக்கு மனம் மாறக் காலம் கிடைத்தது. மரிக்காருக்குக் கிளர்ச்சியின் முதல் நாட்களிலேயே வாழ்க்கை முடிந்துவிட்டது. ஒரு பதவியைக் கொடுத்து அயலவர் இருவரைப் பிரிக்க முடியும் என்பதை அறிந்தவர்கள்தான் அந்தப் போரில் இறுதியில் வென்றார்கள்.

வென்றவர்கள் பாதைகள் அமைத்தார்கள். பாதைகளைத் தொடர்ந்து கோப்பித் தோட்டங்களும் பின் தேயிலைத் தோட்டங்களும் வந்தன. தென்னிந்தியாவிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் வந்தார்கள். இன்று நம் வகுப்பறையில் ஒரே வாங்கில் அமரும் பிள்ளைகளில் ஒருத்தியின் முன்னோர் தவளம் ஓட்டியிருக்கலாம், இன்னொருத்தியின் முன்னோர் தோட்டத்துக்குக் கூடை சுமந்து வந்திருக்கலாம். வீதியின் அப்பக்கத்துப் பாடசாலையில் படிக்கும் சிங்களப் பிள்ளையின் முன்னோர் 1818இல் எரிந்த வீட்டிலிருந்து காட்டுக்கு ஓடியிருக்கலாம். மூவரும் இப்போது ஒரே ஊவாவின் பிள்ளைகள்.

துரோகி என்ற ஒரு சொல்லை நீக்க ஒரு நாட்டுக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் தேவைப்பட்டன. அந்தச் சொல்லை யார்மீதும் எளிதில் எறியக்கூடாது என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டியதில்லை. அடுத்த முறை கல்விச் சுற்றுலாவில் கண்டிக்குச் செல்லும்போது மாளிகை முன்றலில் உள்ள தூபியின் அருகே சற்று நில்லுங்கள். வாங்கிய ஆயுதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போருக்குப் போன நமது ஊவாவின் திசாவை அங்கே இருக்கிறார்.